மாமாட போனில மருமோன்ட ஆப்: ஜாவால இருந்து அன்ட்ரொயிட் வரைக்கும் ஒரு அனுமதிக் கதை

என்னட்ட கோடிங் பழகுற பொடியன் ஒருத்தன், ஏஎல் படிக்கிறான், தன்ர மாமாக்கு ஒரு ஆப் செய்திருந்தான், அதை மாமாட போனில போட்டுக் குடுக்கப் போறன் சேர் நீங்களும் வாங்கோ எண்டு கூப்பிட்டான், போன கிழமை திருகோணமலையில இருக்கிற திருக்கடலூருக்குப் போனன்.

ஆப் பெரிசா ஒண்டுமில்லை. மாமா கடலுக்குப் போட்டு வந்து சீஆர் கொப்பியில எழுதுற கணக்குத்தான். என்ன மீன், எத்தினை கிலோ, முதலாளி போட்ட விலை, மண்ணெண்ணெய் எத்தினை லீற்றர், ஐஸ் எவ்வளவு, எல்லாம் கழிச்சு மிஞ்சினதில போட்டுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. கொப்பி மூலையெல்லாம் உப்புத்தண்ணி பட்டு ஊதிப்போய் இருந்தது, சில பக்கத்தில பேனை மை கலைஞ்சு இலக்கமே தெரியாது. பொடியன் அந்தக் கொப்பியை முன்னுக்கு வைச்சுத்தான் ஸ்கிரீனை வரைஞ்சிருக்கிறான், கொப்பியில எந்த வரிசையோ ஆப்பிலயும் அதே வரிசை, பட்டன் எல்லாம் பெரிசு பெரிசா, ஏனெண்டா மாமாட விரல் வலை இழுத்து இழுத்துத் தடிச்ச விரல், சின்ன பட்டனில படாது. இதை ஒரு கொம்பனிக்காரன் யோசிச்சிருக்க மாட்டான், வீட்டுப் பிள்ளைதான் யோசிக்கும்.

வட்ஸ்அப்பில ஏபிகேயை, அதாவது ஆப்பை இன்ஸ்டோல் பண்ணுற ஃபைலை, அனுப்பினான். மாமா தொட்டவுடன, இந்த இடத்தில இருந்து வாற ஆப் போட அனுமதி இல்லை எண்டு போன் சொல்லிச்சுது, சரியெண்டு செட்டிங்குக்குப் போய் அதைத் திறந்துவிட்டா அடுத்ததா பிளே புரொடெக்ட் எண்ட கூகிளின்ர பாதுகாப்புச் சோதனை வந்து, இதைச் செய்தவரைத் தெரியாது, ஆபத்தா இருக்கலாம் எண்டு மறிச்சுது. மாமா போனை மேசையில வைச்சுட்டு நிமிந்து பாத்து கேட்டார், "மருமோன், இது கள்ள ஆப்போ?"

பொடியன்ட முகம் சுருங்கிப் போச்சு. ரெண்டு மாசம் ராவு ராவா இருந்து எழுதினவன்.

அண்டைக்கு வீட்ட வந்தும் எனக்கு அது மனசை விட்டுப் போகேல்லை. போன் மாமாட காசில வாங்கினது, ஆப் எழுதினது மருமோன், ரெண்டு பேரும் ஒரே விறாந்தையில முழங்கால் முட்ட இருக்கினம், ஆனா நடுவில எங்கயோ கலிபோர்னியால இருக்கிற ஒரு மூண்டாவது ஆள் நிண்டு இவரை எனக்குத் தெரியாது எண்டு சொல்லுது. போனுக்குப் புரோகிராம் எழுதுற தொழிலின்ர எதிர்காலத்தைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் எதைப் படிக்கிறது, ஜாவா கொட்லின் எண்ட லாங்குவேஜா, ஃபிளட்டர் எண்ட கருவியா எண்டுதான் கேக்கினம். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. எழுதினதை இன்னொராளின்ர போனுக்குள்ள போட ஆரிட்ட அனுமதி வாங்கவேணும் எண்டதுதான் முதல் கேள்வி, இது இண்டைக்கு நேற்று வந்த கேள்வியும் இல்லை, ஜாவா பிறந்த நாளில இருந்து வாற கேள்வி.

ஜாவா கொம்பியூட்டருக்குப் பிறந்ததெண்டுதான் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். இல்லை. 1991ல சன் கொம்பனியில ஜேம்ஸ் கொஸ்லிங், பற்றிக் நோட்டன், மைக் ஷெரிடன் எண்ட மூண்டு பேர் கிறீன் புரொஜெக்ட் எண்டு தொடங்கேக்க அவையின்ர எண்ணம் வீட்டில பாவிக்கிற சாமான்கள்தான், ரீவி, ரிமோட், அப்பிடியானது. ஒவ்வொரு சாமானுக்குள்ளயும் ஒவ்வொரு சிப், கொம்பனி விலை குறைஞ்ச சிப்புக்கு மாறினா பழைய புரோகிராம் ஓடாது, அப்ப சிப் எதுவா இருந்தாலும் ஓடுற மாதிரி நடுவில ஒரு கற்பனை மெஷினை வைச்சு அதுக்கு எழுதுவம் எண்டதுதான் யோசினை. 1992ல கையில பிடிக்கிற, தொட்டு வேலை செய்யிற ஸ்டார் செவின் எண்ட கருவியையே செய்து காட்டிட்டினம். அப்ப அந்த லாங்குவேஜுக்குப் பேர் ஓக். வாங்க ஆள் இல்லை, கேபிள் ரீவி பெட்டிக்குக் குடுக்கப் பாத்து அதுவும் சரிவரேல்லை. பிறகு இன்டர்நெட் வந்து, 1995ல பேரை ஜாவா எண்டு மாத்தி பிரவுசருக்குள்ள விட்டவுடன தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. அதாவது கையில பிடிக்கிற சாமானுக்காகப் பிறந்த பிள்ளை அதை வாங்க ஆள் இல்லாத காலத்தில பிறந்ததால வேற வீட்டில வளந்தது.

திரும்ப கையில பிடிக்கிற சாமானுக்கு, போனுக்கு, வந்தது 1999ல, ஜாவா எம்ஈ எண்டு. கொம்பியூட்டர் ஜாவாவை வெட்டிக் கொத்தி, சில நூறு கிலோபைட் மெமரிக்குள்ள ஓடுற அளவுக்குச் சுருக்கினது. நொக்கியாட சீரிஸ் 40 போன் முதல் வந்ததுகளில ஒரு ஜார் ஃபைல், அதாவது ஜாவா ஆப் வாற ஃபைல், 64 கேபிக்கு மேல இருக்கேலாது, இப்ப வட்ஸ்அப்பில அனுப்புற ஒரு படம் கூட அதைவிடப் பெரிசு, அந்த 64 கேபிக்குள்ள படம், சத்தம், லெவல், ஸ்கோர் எல்லாத்தையும் அடக்கி முழு கேம் ஒண்டு செய்தவை. இந்த நெருக்கத்துக்குள்ள எழுதின ஆக்களிட்ட எனக்கு இண்டைக்கும் பெரிய மரியாதை இருக்கு.

எங்கட ஊரில ஜாவா எண்ட சொல்லே லாங்குவேஜின்ர பேரா வரேல்லை, போன்ட குணமா வந்தது. "இது ஜாவா போனோ?" எண்டு கேட்டுத்தான் வாங்குவம். ரவுணில ஒரு போன் கடையில கொம்பியூட்டர் ஒண்டுக்கு முன்னால வரிசையா நிண்டு கேம் ஏத்தினது எனக்கு நல்லா ஞாபகம், கடைக்கார அண்ணை கேபிளைக் குத்தி ஃபோல்டரைத் திறந்து எது வேணும் எண்டு கேப்பார், ஒருத்தன் காசு குடுத்து ஏத்திக்கொண்டு வந்தா பின்னேரம் கடற்கரையில மணலில இருந்து புளூடூத்தில பத்துப் பேருக்குப் போயிடும். அந்தப் பத்துப் பேரில ஒருத்தருக்கும் ஆர் அதைச் செய்தது எண்டு தெரியாது.

ஆனா என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்து ஆப் எண்டா ஒபெரா மினி எண்ட பிரவுசர்தான். 2006ல உலகம் முழுக்க விட்டவை. போனில தமிழ் ஃபொன்ட் இல்லை, எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமா வரும். அட்ரஸ் அடிக்கிற இடத்தில ஒபெரா கொன்ஃபிக் எண்டு அடிச்சு உள்ள போனா கடைசிப் பக்கம் ஒரு வரி, சிக்கலான எழுத்துக்கு படமா அனுப்பு எண்ட அர்த்தத்தில, அதை ஓம் எண்டு மாத்திச் சேவ் பண்ணினா தமிழ் வரும். ஒபெராட சேர்வர் அங்க எழுத்தைப் படமாக்கி அனுப்பும், போன் அதைக் காட்டும், அவ்வளவுதான். போன் செய்த கொம்பனிக்கு எங்கட எழுத்து தேவைப்படேல்லை, ஆனா அதுக்குள்ள ஒரு ஜாவா ஆப் போட இடம் இருந்ததால வேற ஒருத்தன் வந்து அந்தக் குறையை நிரப்பிட்டான். வெளி ஆள் எழுதின புரோகிராமுக்கு ஒரு போனில இடம் இருக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டது எனக்கு அப்பதான் விளங்கினது, அண்டைக்கு அந்தச் சின்ன ஸ்கிரீனில தமிழில செய்தி வாசிச்சதை நான் மறக்க மாட்டன்.

அப்ப ஜாவா எம்ஈ ஏன் செத்தது? ஐபோன் வந்ததால எண்டு சொல்லுறது பாதிக் கதை. ஸ்டீவ் ஜொப்ஸ் 2007லயே ஜாவாவை ஐபோனில போடுறது பிரயோசனமில்லை எண்டு சொல்லிட்டார், உண்மை, ஆனா அதுக்கு முதலே உள்ளுக்குள்ள உக்கிப் போயிருந்தது. ஒருக்கா எழுது எல்லா இடத்திலயும் ஓடும் எண்டது ஜாவா குடுத்த வாக்கு. போனில அது நிக்கேல்லை, ஒவ்வொரு மொடலுக்கும் ஒவ்வொரு ஸ்கிரீன் அளவு, ஒண்டில கமரா தொடலாம் மற்றதில ஏலாது, ஒரே கேமை நூறு மொடலுக்கு நூறு விதமாக் கட்டின கொம்பனிகள் இருந்தது. இதைவிடப் பெரிய நோய் அனுமதி. சைன் பண்ணாத ஆப், அதாவது ஆர் செய்தது எண்டு சேர்ட்டிபிக்கேற்றால உறுதிப்படுத்தாத ஆப் எண்டா இன்டர்நெட்டைத் தொடுற நேரமெல்லாம் "அனுமதிக்கவா?" எண்டு போன் கேக்கும், ஃபைல் ஒண்டைத் திறந்தாலும் கேக்கும், திரும்பத் திரும்ப. அந்தக் கேள்வி வராம இருக்க சேர்ட்டிபிக்கேற் வாங்கவேணும், அது வருசத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர், வாங்கினாலும் சில போனில நெட்வேர்க் கொம்பனி தன்ர கையெழுத்தை மட்டும்தான் நம்பும். அதால காசுள்ளவன்ட ஆப் சத்தமில்லாம ஓடிச்சுது, தனி ஆள் எழுதினது ஒவ்வொரு அடிக்கும் கேள்வி கேட்டுச்சுது, பாவிக்கிற சனம் அதைப் பாத்து இது கள்ள ஆப் எண்டு முடிவெடுத்தது. திருக்கடலூர் மாமா கேட்ட அதே கேள்வி.

அன்ட்ரொயிட் வந்தது இந்த நிலமையிலதான். 2007ல அறிவிச்சு 2008ல முதல் போன் வந்தது. ஜாவா லாங்குவேஜை எடுத்தவை, ஆனா சன்னிட்ட லைசென்ஸ் வாங்கேல்லை. ஏனெண்டா சன் ஜாவாவை ஓப்பின் சோர்ஸ் ஆக்கினாலும் போனுக்கான பக்கத்தில காசு வாறதை விட விரும்பேல்லை, அப்பாச்சி எண்ட ஓப்பின் சோர்ஸ் அமைப்பின்ர ஆக்கள் செய்த ஹார்மனி எண்ட சுதந்திர ஜாவாவுக்கு டெஸ்ட் பண்ணுற உரிமையைக் குடுக்கேக்க கூட போனில பாவிக்கிறதுக்குக் கட்டுப்பாடு போட்டுத்தான் குடுக்கப் பாத்தவை. கூகிள் அந்த ஹார்மனிட லைப்ரரியை எடுத்து, அடியில டல்விக் எண்டு தன்ர சொந்தக் கற்பனை மெஷினை வைச்சது, அதைச் செய்த டான் போர்ன்ஸ்டைன் ஐஸ்லாந்தில ஒரு மீன்பிடிக் கிராமத்தின்ர பேரை அதுக்கு வைச்சார். பிறகு ஒரக்கிள் சன்னை வாங்கி 2010ல வழக்குப் போட்டது, பதினொராயிரத்து ஐந்நூறு வரி கோட் தொடர்பா, பத்து வருசத்துக்கு மேல இழுபட்டு 2021 ஏப்ரலில அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 2 எண்டு கூகிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மற்றப் பக்கம் போயிருந்தா, ஒரு லாங்குவேஜின்ர கட்டளைப் பேரைப் பாவிக்கிறதுக்கே காசு கேக்கிற உலகத்தில எங்கட பிள்ளையள் கோடிங் படிச்சிருக்கும். இது எங்களுக்கும் தேவையான தீர்ப்பு.

அதுக்கிடையில 2017ல கொட்லின் எண்ட வேற லாங்குவேஜையும் அன்ட்ரொயிட்டுக்கு ஏற்றுக்கொண்டு, 2019ல அதுதான் முதல் லாங்குவேஜ் எண்டு கூகிள் சொல்லிட்டுது. பிரவுசர் பக்கத்துக்குள்ள ஓடின சின்னப் புரோகிராமான ஜாவா அப்லெட் 2015லயே குரோமில நிண்டுபோச்சு. டெஸ்க்டொப்புக்கும் போனுக்கும் எண்டு சன் பெரிசா அறிவிச்ச ஜாவாஎஃப்எக்ஸை 2018ல ஜாவா 11லயே வெளிய எடுத்து வைச்சாச்சு. அப்ப கையில பிடிக்கிற சாமானில ஜாவா முடிஞ்சுதோ எண்டா, பேர் முடிஞ்சுது, உடம்பு இருக்கு: கொட்லினும் கடைசியில அதே மாதிரி பைட்கோடா, கற்பனை மெஷினுக்கான கோடா, மாறித்தான் போனுக்குள்ள போகுது, போனைக் கழட்டி சிம்மை எடுத்துப் பாத்தா பெரும்பாலான சிம்முக்குள்ள ஜாவா கார்ட் எண்டு ஒரு சின்ன ஜாவா இப்பவும் ஓடிக்கொண்டிருக்கு, கன பாங்க் கார்ட்டிலயும் அப்பிடித்தான்.

சரி, அனுமதிக்கு வாறன். அன்ட்ரொயிட் தொடக்கத்தில செய்த பெரிய நன்மை ஒரு சரிப் பெட்டி. தெரியாத இடத்தில இருந்து ஆப் போடலாமா எண்டு செட்டிங்கில ஒரு டிக், அதைப் போட்டா முடிஞ்சுது. ஐபோனில அந்த டிக்கே இல்லை, வருசத்துக்கு 99 டொலர் கட்டி அப்பிள் ஓம் எண்டு சொன்னாத்தான் கடைக்குப் போகலாம், சட்டம் வந்ததால ஐரோப்பிய ஒன்றியத்தில 2024ல இருந்தும், பிறகு யப்பானிலயும் வேற கடை திறக்க விட்டிருக்கினம். அன்ட்ரொயிட்டில அந்த ஒரு டிக் இருந்ததாலதான் எங்கட பொடியள் ஆயிரக்கணக்கில ஆப் எழுதிப் பழகினவை. ஆனா அது வருசம் போகப் போக ஒடுங்கிக்கொண்டு வருது. 2017ல வட்ஸ்அப், பிரவுசர் எண்டு புது ஆப்பைக் கொண்டுவாற ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அனுமதி எண்டு மாறினது, அதே வருசம் பிளே புரொடெக்ட் வந்தது. 2025 ஓகஸ்டில கூகிள் அறிவிச்சதுதான் பெரிய அடி: பிளே ஸ்டோருக்கு வெளிய வாற ஆப்பும் அடையாளம் உறுதிப்படுத்தின டெவலப்பரிட்ட இருந்து வரவேணும், இல்லாட்டி கூகிள் சான்று உள்ள போனில வழமையான வழியில இன்ஸ்டோல் ஆகாது. 2026 செப்டம்பரில பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாலு நாட்டில தொடக்கம், 2027ல இருந்து மற்ற நாடுகளுக்கு எண்டு சொன்னவை. அப்ப இலங்கைக்கும் வரும்.

காரணம் இல்லாமச் செய்யினம் எண்டு நான் சொல்ல மாட்டன். பிளே ஸ்டோரில இருக்கிறதை விட இன்டர்நெட்டில இருந்து நேர போடுற ஆப்பில 50 மடங்குக்கு மேல கெட்ட புரோகிராம் இருக்கு எண்டு கூகிள் சொல்லுது. அந்த இலக்கத்தை விடுவம், எங்கட தெருவிலயே ஒரு அக்கா பார்சல் வந்திருக்கு எண்டு வந்த மெசேஜைத் தொட்டு, போனில கதைச்சவன் சொன்னபடி ஒரு ஆப்பைப் போட்டு, பிள்ளைட ரியூசன் காசுக்கு வைச்சிருந்ததை எல்லாம் இழந்தவ. அந்த அக்காட முகத்தைப் பாத்தவனுக்கு எச்சரிக்கையே வேண்டாம் எண்டு சொல்ல வாய் வராது. எச்சரிக்கட்டும், நல்லா மறிச்சு ரெண்டு தரம் கேக்கட்டும். எனக்குப் பிரச்சினை வேற இடத்தில.

அடையாளம் பாக்கிறது ஒரே ஒரு கொம்பனி. பிளே ஸ்டோர் டெவலப்பர் எண்டா 25 டொலர், எங்கட காசுக்கு ஏழாயிரத்துக்கு மேல, 2022ல டொலர் 360க்குப் போன நேரம் ஒன்பதாயிரம். காசு இருந்தாலும் வெளிநாட்டுக்குக் கட்டுற கார்ட் ஏஎல் படிக்கிற பிள்ளையிட்ட எங்கால? அதோட 18 வயது ஆகவேணும். புதுசாத் திறக்கிற தனி ஆள் எக்கவுண்ட் எண்டா 12 பேரை வைச்சு 14 நாள் தொடர்ந்து டெஸ்ட் பண்ணிக் காட்டவேணும், முந்தி அது 20 பேர். மாமாட மீன் கணக்கு ஆப்பைப் பாவிக்கப் போறதே போட்டில போற நாலு பேர், அதுக்கு 12 பேரை எங்க தேடுறது? மாணவருக்கும் பொழுதுபோக்குக்குச் செய்யிறவைக்கும் காசில்லாத ஒரு எக்கவுண்ட் தருவம், ஆனா குறிப்பிட்ட அளவு போனுக்குத்தான் போடலாம் எண்டு கூகிள் சொல்லியிருக்கு, கன பேர் எதிர்த்த பிறகு 2025 நவம்பரில, ஆபத்துத் தெரிஞ்சு போடுற ஆக்களுக்கு எச்சரிக்கை எல்லாம் காட்டி ஒரு தனி வழி விடுவம் எண்டும் சொன்னவை. கேபிள் குத்தி கொம்பியூட்டரில இருந்து ஏடிபி எண்ட டெவலப்பர் கருவியால போடுறதுக்குத் தடை இல்லை. இதெல்லாம் நல்லதுதான், வரவேற்கிறன், ஆனா பாருங்கோ, எல்லாமே அவை விட்டுத்தாற வழி. விட்டவை ஒரு நாள் மூடவும் ஏலும். ஜாவா எம்ஈ காலத்தில கையெழுத்து நெட்வேர்க் கொம்பனியிட்ட இருந்தது, இப்ப ஓஎஸ் கொம்பனியிட்ட இருக்கு, எழுதினவனிட்டயும் போன் வாங்கினவனிட்டயும் எந்தக் காலத்திலயும் முழுசா வரேல்லை.

கள்ளன் இதால நிப்பானோ எண்டும் யோசிக்கவேணும். காசுக்கு ஆற்றையோ அடையாள அட்டையைக் குடுத்து பதிவான், ஒண்டு பிடிபட்டா இன்னொண்டு. அவனுக்கு 25 டொலர் முதலீடு. எங்கட பொடியனுக்கு அது ஒரு மாச ரியூசன்.

அப்ப என்ன வழி எண்டு பிள்ளையள் கேட்டா நான் முதல்ல காட்டுறது வெப். ஒரு பக்கமாச் செய்து, பக்கத்தைப் போனிலயே சேமிச்சு வைக்கிற சேர்விஸ் வேர்க்கர் போட்டு விட்டா கடலில சிக்னல் இல்லாட்டியும் திறக்கும், ஹோம் ஸ்கிரீனில ஐகன் வைச்சா மாமாக்கு வித்தியாசமே தெரியாது, ஒருத்தரிட்டயும் அனுமதி கேக்கத் தேவையில்லை, லிங்கை அனுப்பினாக் காணும். ஜாவாட பக்கத்திலயும் இதில ஒரு சந்தோசமான விசயம் இருக்கு. வேற லாங்குவேஜில எழுதினதைப் பிரவுசருக்குள்ள ஓட விடுற வெப்அசெம்பிளிக்கு, ஜாவா கொட்லின் மாதிரி மெமரியைத் தானே கூட்டித் துடைக்கிற லாங்குவேஜுகளுக்குத் தேவையான பகுதி 2023ல குரோமிலயும் ஃபயர்பொக்ஸிலயும், 2024 கடைசியில சஃபாரியிலயும் வந்திட்டுது, அப்ப அப்லெட்டாப் போய்ச் செத்த அதே பிரவுசருக்குள்ள ஜாவாட பரம்பரை பிளகின் ஒண்டும் இல்லாமத் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கு. குறையும் இருக்கு. ஐபோனில ஹோம் ஸ்கிரீனுக்கு எடுக்காத பக்கத்தை, சஃபாரி பாவிக்கிற ஏழு நாளைக்குத் தொடாம விட்டா அது சேமிச்சதைச் சஃபாரி அழிச்சுப் போடும், சோளகம் கச்சான் எண்டு காத்து மாறி ஒரு கிழமை கடல் போகாட்டிக் கணக்குப் போச்சு. மற்றது பெரும்பாலான ஆக்கள் போனில பாவிக்கிற பிரவுசரும் கடைசியில கூகிள், அப்பிள் எண்ட அதே ரெண்டு கொம்பனியின்ரதான்.

அதால இப்ப நான் சொல்லிக் குடுக்கிற விதத்தையே மாத்திட்டன். கணக்குப் பாக்கிற பகுதியை ஸ்கிரீனோட கலக்க விடுறேல்லை. பங்கு பிரிக்கிறது, கழிவு பாக்கிறது எல்லாம் தனி கொட்லின் ஃபைலில, அதுக்குள்ள அன்ட்ரொயிட் எண்ட சொல்லே வரக்கூடாது. ஒரே கோட்டைப் பல இடத்துக்கு எடுக்க விடுற கொட்லின் மல்டிபிளட்ஃபோர்ம் 2023 நவம்பரில நிலையான பதிப்பா வந்திட்டுது, அப்ப அந்த ஃபைலை அப்பிடியே வெப்புக்கும் எடுக்கலாம், ஐபோனுக்கும் எடுக்கலாம். ஒரு கதவை மூடினா மற்றக் கதவால போற அளவுக்கு எழுதின சாமான் இலேசா இருக்கவேணும். நிலாவெளிப் பக்கம் கம்பஸில படிக்கிற ரெண்டு பேர் வந்து சொல்லிக் குடுத்தவை, இப்ப எங்கட வகுப்பில பதினாறு வயதுப் பிள்ளை கூட அப்பிடி எழுதுது.

மாமாட போனுக்கு அண்டைக்கே நாங்கள் கேபிளால போட்டுக் குடுத்திட்டம். அவர் முதல்ல தொடவே யோசிச்சார், பிறகு முந்தின நாள் கணக்கைக் கொப்பியைப் பாத்துப் பாத்து அடிச்சார், பங்கு சரியா வந்தவுடன கொப்பியில தான் எழுதினதையும் ஆப்பில வந்ததையும் ரெண்டு தரம் ஒத்துப் பாத்துட்டு, ஐஸ் காசு ரெண்டு இடத்தில போடவேண்டி வரும், ஒரு இடம்தான் வைச்சிருக்கிறாய் எண்டு பிழை பிடிச்சார். பொடியன்ட முகம் அப்பதான் மலந்தது.

திரும்பி வரேக்க அவன் என்னட்டக் கேட்டது கீஸ்டோரைப் பற்றி. ஆப்பைச் சைன் பண்ணின சாவி அது, தொலைஞ்சா அதே ஆப்புக்கு அப்டேட் குடுக்கேலாது, நாளைக்கு பதிவு செய்யவேண்டி வந்தா இந்த ஆப் என்ர எண்டு காட்டவும் அதுதான் வேணும். ரெண்டு பென்டிரைவில கொப்பி பண்ணினம். ஒண்டு அவன்ட மேசை லாச்சியில கிடக்கு, மற்றதை மாமா பொலித்தீன் பையில சுத்தி அந்த சீஆர் கொப்பியோட வைச்சிருக்கிறார்.